இருபத்தேழாம் மனையின் ஆறு மணிச் சத்தம்

7

எங்கள் பேட்டையில் யாரும் குடியிருப்பதில்லை. எல்லோரும் சுற்றுலா வந்தவர்கள். நான் பத்தொன்பது வருடமாகச் சுற்றுலாவில் இருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி செய்கிற கம்பெனிக்காரன் எழுதிக் கொடுக்கும் வாரண்டிப் புத்தகத்தில் பதினாலாம் பக்கம் அப்படி. வண்டி உல்லாசப் பயணத்துக்கு மட்டும். அதிலேயே குடித்தனம் நடத்தினால் வாரண்டி ரத்து. அதனால் டெமிங் ஊருக்கு வெளியே, நியூ மெக்சிகோ வெயிலில் வரிசையாக நிற்கும் எங்கள் நாற்பத்திரண்டு டிரெய்லர்களில் இருப்பவர்கள் எல்லோரும் காகிதத்தில் தெற்கு டகோட்டாக்காரர்கள். அங்கே போய் ஒரே ஒரு ராத்திரி தங்கி, தங்கின ரசீதைக் காட்டி, ஒரு தபால் பெட்டி எண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்த மாநிலத்தின் பிரஜை. தக்காளிச் செடி வைப்போம், வண்டிக்கு அடியில் காற்றுப் புகாமல் தகடு அடிப்போம், வாசலுக்கு மரப்படி கட்டுவோம். வெளியாள் கேட்டால் மட்டும், "சும்மா ரெண்டு நாள் தங்கிட்டுப் போகலாம்னு." யாரும் எழுதி வைக்காத சட்டம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் பத்துக் கட்டளையில் சிலதைத் தளர்த்திக்கொள்வதுண்டு. இதை ஒருவரும் மீறியதில்லை.

அப்படிப்பட்ட பேட்டையில்தான் யாரோ ஒருவர் இருபத்தேழாம் மனைக்காரியைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை எலோய் தஃபோயா என் டிரெய்லர் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரிப்பேர் கேட்டவளுக்கு டிரெய்லர் கம்பெனி எழுதிய மறுப்புக் கடிதத்தை மூன்றாம் முறை படித்தார். அல்புகர்க்கியில் முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் துப்பறிந்தவர். ஜனங்கள் கேட்ட இழப்பீட்டை எப்படி மறுக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ரிடையரானதும் மனசாட்சி உறுத்தியதோ, பொழுது போகவில்லையோ, இப்போது பேட்டைக்காரர்களுக்காக எதிர்ப்பக்கம் நின்று துப்பறிகிறார். கூலி கிடையாது. பின்யோன் என்கிற பைன் மரத்துக் கொட்டை ஒரு பை வாங்கிக் கொடுத்தால் போதும். பல்லிடுக்கில் வைத்து உடைப்பார். தோடு முழுசாக வெளியே வந்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

உதவியாளர் நான். வெர்னா கூபியாக், இருபத்தெட்டாம் மனை. பேட்டையில் எனக்குத் தெரியாமல் ஒரு குடம் தண்ணீர்கூடச் சிந்தாது என்று சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

"சத்தமாப் படியேன், எனக்குக் கண்ணாடி உள்ளே இருக்கு," என்றேன்.

"நேத்தே நாலு தடவை படிச்சிருப்பே."

"மூணு."

எலோய் படித்தார். "'மேற்படி வண்டியில் தினமும் மாலை ஆறு மணியளவில் தையல் இயந்திரம் இயக்கப்படுவதாகவும், உரிமையாளர் தொழில் நிமித்தமாகவே அவ்விடத்தில் தங்கியிருப்பதாகவும் எமக்குத் தெரிய வருகிறது. தொழிலுக்குப் பயன்படும் வண்டிகளுக்கு வாரண்டி பொருந்தாது. ஆட்சேபம் இருப்பின் வாரண்டிக் காலத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'"

"வாரண்டி எப்போ முடியுது?"

"வெள்ளிக்கிழமை. இன்னிக்குப் புதன்."

இரண்டு நாள். அதற்குள் காட்டிக்கொடுத்தவரைப் பிடித்து, 'நான் சொன்னது தப்பு' என்று எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தேழாம் மனை லோரீன் ஹக்கபியின் டிரெய்லரை எந்தக் கம்பெனியும் எந்தக் காலத்திலும் இலவசமாகத் தொடாது. கையிலிருந்து போட்டுச் சரிபார்க்க அவளிடம் எதுவும் இல்லை. கான்சாஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் போனதும் வீட்டை விற்று, டிரெய்லர்கள் தயாராகிற இண்டியானாவுக்கே போய், அங்கே மலிவு என்று வாங்கி, தன் பழைய பிக்கப்பில் மாட்டி ஆறு மாநிலம் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கு நான்தான் பச்சை மிளகாய் போட்ட கோழிக் கறியோடு போய் வரவேற்றேன். இரண்டு மணி நேரம் பேசினேன். அவள் மூன்று வாக்கியம் பேசினாள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு படியில் நின்றுதான் பேசுவாள். உள்ளே கூப்பிட்டதில்லை. என்ன ரிப்பேர் என்றால், "வாரண்டி வேலைங்க, சின்னது," என்பாள். அவ்வளவுதான். இப்படி மூடி மறைக்கிறவர்களைப் பற்றி ஊர் நாலு விதமாகப் பேசினால் ஊரைக் குற்றம் சொல்ல முடியுமா?

"ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்," என்றேன். "கர்ட்."

எலோய் கொட்டையைக் கடித்தார். தோடு நொறுங்கியது. "காரணம்?"

"லாஸ் குரூசஸ்ல அவன் டிரெய்லர் டீலர். இவ வேற மாநிலத்துல வாங்கிட்டு வந்தா. போன வருஷம் போய் நின்னப்போ என்ன சொன்னான் தெரியுமா? 'வாங்கும்போது எங்க ஞாபகம் வரலையே'ன்னான். இதைவிட என்ன காரணம் வேணும்? தூக்குல போட இது போதும்."

"உன்னை ஜட்ஜா போடாதது இந்த நாட்டுக்கு நல்லது. வண்டியை எடு."

*

கர்ட்டின் முற்றத்தில் ஐம்பது அறுபது டிரெய்லர்கள் வெயிலில் வெந்துகொண்டு நின்றன. எல்லாம் ரிப்பேருக்கு வந்தவை. சிலவற்றின் டயரைச் சுற்றி முள்செடி முளைத்திருந்தது.

கர்ட் தடித்த ஆள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தான்.

"லோரீன் ஹக்கபி," என்றார் எலோய்.

"இண்டியானா அம்மாவா?" என்றான் கர்ட். அவன் வாயில் அது ஒரு வசவு மாதிரி இருந்தது. "அவங்ககிட்ட அப்பவே சொன்னேனே. இங்கே வாங்கினவங்களுக்கு முதல் மரியாதை. இடம் மிச்சமிருந்தா மத்தவங்களுக்கு."

"நீதான் கம்பெனிக்கு வத்தி வெச்சியா?" நான் நேராகவே கேட்டேன். சுற்றி வளைப்பது எலோய் வேலை.

கர்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்மா, அவங்களை வேண்டாம்னு சொல்ல எனக்குக் காரணமே தேவையில்லை. 'தேதி இல்லை'ன்னா முடிஞ்சது. அப்படி ஒரு சௌகரியம் இருக்கும்போது நான் ஏன் உக்காந்து கோள்மூட்டிக்கிட்டு இருக்கணும்? நேரம் இருக்கா எனக்கு? வெளியில பாருங்க!"

"பொறாமை."

"வெர்னா, அந்தப் பக்கம் காபி இருக்கு பாரு," என்றார் எலோய்.

என்னை விரட்டும் வழக்கமான வாக்கியம். போனேன். காபி கழுநீர். ஆனால் பக்கத்து நாற்காலியில் டூசானிலிருந்து வந்த ஒரு அம்மாள் எட்டு மாதமாகக் காத்திருக்கிற கதையை ஆரம்பித்தாள். அவளுடைய மருமகளின் குடிப்பழக்கம்வரை வந்தபோது எலோய் என் தோளைத் தட்டினார். கையில் இரண்டாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"என்ன அது?"

"லோரீனோட கிளெய்ம் பேப்பர். அவ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியைக் காட்டி வாங்கினேன்."

"காட்டு."

"கண்ணாடி உள்ளே இருக்குன்னியே."

திரும்பும் வழியில் இருபது மைல் அவரோடு நான் பேசவில்லை. எனக்கு அது பெரிய சாதனை. இருபத்தோராவது மைலில் அவரே ஆரம்பித்தார்.

"கர்ட் இல்லை. மே மாசமே போட்டோ எடுத்து, 'தயாரிப்புல குறை, கம்பெனிதான் பொறுப்பு'ன்னு அவளுக்குச் சாதகமா எழுதி அனுப்பியிருக்கான். வாய்தான் விஷம். எழுத்து சுத்தம்."

"அப்போ வேற எதிரி யாரோ."

"எதிரியே இல்லைங்கறேன்."

"என்னய்யா உளர்றே?"

"கடிதத்துல என்ன இருக்குன்னு பார்க்காதே, என்ன இல்லைன்னு பாரு. லோரீனைக் கவுக்கணும்னு ஒருத்தன் நினைச்சா என்ன சொல்லுவான்? 'அவ அங்கேயே குடியிருக்கா'ன்னு ஒரு வரி. முடிஞ்சது கதை. தக்காளித் தொட்டியே சாட்சி. ஆனா கடிதத்துல அந்த வரி இல்லை. 'தொழில் நிமித்தமா தங்கியிருக்கா'ன்னு இருக்கு. சொன்ன ஆளு குடியிருக்கிற விஷயத்தை மறைச்சிருக்கு. அப்போ நம்ம பேட்டை ஆளு. நம்ம சட்டத்தை மதிக்கிற ஆளு. லோரீனுக்கு நல்லது நினைச்ச ஆளு."

"நல்லது நினைச்சவன் இப்படி ஒருத்தி குடியைக் கெடுப்பானா?"

"நான் முப்பத்தொரு வருஷம் பார்த்ததுல பாதி அப்படித்தான் கெட்டது," என்றார் எலோய்.

*

பேட்டை அலுவலகத்தில் மிட்ஜ் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"லோரீன் தைக்கிறாளாமே, உனக்குத் தெரியுமா?" என்றார் எலோய்.

"தெரியுமாவா!" மிட்ஜ் தூரிகையைக் கீழே வைத்தாள். "கல்யாண கவுன். எல் பாசோவுல மூணு கடைக்குப் போகுது. முத்து வெச்சுத் தைக்கிறாங்களாம். உதவிக்கு ரெண்டு பொண்ணுங்க வேற."

"நீ பார்த்தியா?"

"நான் எங்கே பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரர் டுவேன் சொன்னார்."

டுவேன் சிலிண்டர் நிரப்பும் இடத்தில் இருந்தார். "கவுனா? அந்தப் பொம்பளைக்குக் கற்பனை ஜாஸ்தி. திரைச்சீலைங்க. ஹோட்டல்களுக்குத் தைக்குது அந்தம்மா."

"யார் சொன்னாங்க?"

"துணி துவைக்கிற ரூம்ல பேசிக்கிட்டாங்க. யாருன்னு..." டுவேன் என்னைப் பார்த்தார். பிறகு சிலிண்டரைப் பார்த்தார். "ஞாபகம் இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஜனங்கய்யா இது! திரைச்சீலையாம், கவுனாம், முத்தாம்! ஒரே ஒரு தையல் மிஷின். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடும், ஏழு, ஏழேகாலுக்கு நிக்கும். அவ்வளவுதான் விஷயம். இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்ல இந்தப் பேட்டையில ஒருத்தருக்கும் துப்பில்லை."

எலோய் கொட்டையை உடைத்தார். தோடு முழுசாக வந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வதந்திக்கு வயசு உண்டு வெர்னா," என்றார் நடந்துகொண்டே. "பிறந்தப்போ குட்டி. வாய் மாற மாற வளரும். மிட்ஜ்கிட்ட இருக்கிறது நல்லா வளர்ந்து கல்யாண வயசுக்கே வந்துடுச்சு. டுவேன்கிட்ட இருக்கிறது பள்ளிக்கூடம் போற வயசு. கம்பெனிக் கடிதத்துல இருக்கிறது கைக்குழந்தை. ஒரு மிஷின், ஆறு மணி. வேற ஒண்ணும் இல்லை. அப்படின்னா கம்பெனிக்குச் சொன்ன ஆளு இதை இன்னொருத்தர்கிட்ட கேட்டுச் சொல்லலை."

"பெத்தவளே சொல்லியிருக்கான்னு சொல்லு."

"நீயே சொல்லிட்டே."

"பிரமாதம்! ஆளைப் பிடிச்சிடலாம். துவைக்கிற ரூம்ல முதல்ல யார் சொன்னதுன்னு விசாரிச்சா..."

"வேணாம். மணி ஆறாகப் போகுது. லோரீன் வீட்டுக்குப் போவோம்."

"உள்ளே விடமாட்டா."

"இன்னிக்கு விடுவா. கேட்டிருக்கேன்."

பதினோரு மாதமாக நான் எதற்குக் காத்திருந்தேனோ அது நடக்கப்போகிறது. தலைமுடியை ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

*

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது லோரீன் வெளியே வந்தாள். வழக்கம்போலக் குனிந்து, மனையோரம் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். நான் தினமும் என் சமையல் ஜன்னலிலிருந்து பார்க்கிற காட்சி. ஆறுக்குத் திறப்பாள், ஏழுக்கு மூடுவாள். இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி வேண்டுமே, தைத்ததைத் தேய்க்க வேண்டாமா என்று எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"வாங்க," என்றாள். கதவிலிருந்து விலகி நின்றாள்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. ஈரமான பலகை ஊறி ஊறி அழுகுகிற வாடை. தரை விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். சமையல் மேடைக்குக் கீழே பலகையைக் கழற்றியிருந்தாள். உள்ளே சுவருக்கு நடுவில் குழாய் இணைப்பிலிருந்து தண்ணீர் விசிறியடித்துக்கொண்டிருந்தது. அவள் அவசரமே இல்லாமல் அடுக்கடுக்காக வாளிகளையும் பாத்திரங்களையும் நிரப்பினாள். குளியலறைக்குப் போனாள். வந்தாள். பாத்திரம் கழுவினாள். வெளியே குழாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூலையிலிருந்து ஒரு தண்ணீர் உறிஞ்சும் மிஷினை இழுத்து வந்து, குழலைத் தரைக்கடியில் விட்டு, பொத்தானை அழுத்தினாள்.

விர்ர்ர் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி விர்ர்ர். நீளமாக ஒரு தையல், பிறகு ஒரு சின்னத் தையல்.

எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சத்தம்.

உட்காரலாம் என்று ஓரடி வைத்தேன். தரை என் செருப்புக்குக் கீழே ரொட்டி மாதிரி அமுங்கியது.

"அங்கே மிதிக்காதீங்க," என்றாள் லோரீன். "அங்கே பலகை போயிடுச்சு. இந்தக் கோடு வரைக்கும்தான் கெட்டி." தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். ஜனவரி, மார்ச், மே என்று பழைய கோடுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் படுக்கையை நோக்கி நகர்ந்து வந்திருந்தது.

"ஃபாக்டரியில குழாயை இறுக்கிற வளையத்தைப் போட்டவன் இறுக்காம விட்டுட்டான்," என்றார் எலோய். "கர்ட் போட்டோவுல தெளிவாத் தெரியுது. கால் மணி நேர வேலை. சுவரைப் பிரிக்கணும், அதுதான் வாரண்டி வேலை. நாமளே பிரிச்சா அதுக்கும் வாரண்டி போயிடும்."

"அதனாலதான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறக்கறேன்," என்றாள் லோரீன். "வெளியே சொல்ல வெக்கமா இருந்தது. பேட்டையில அழுகின வண்டியை வெச்சுக்க விடமாட்டாங்களாமே."

உண்மைதான். அதுவும் ஒரு விதி.

"தையல் மிஷின் எங்கே?" என்றேன்.

"எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராதுங்க. என் புருஷன் ராய் இருந்தப்போ அவருதான் தைப்பாரு."

எலோய் சட்டைப் பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். லோரீனிடம்தான் பேசினார். "கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பாரத்துல, நீ கிடைக்கலைன்னா கூப்பிட வேண்டியவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யார் பேர் போட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. வெர்னா பேருதான். ஃபோன் நம்பரும் எழுதினேன்." லோரீன் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். "உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காமப் போட்டுட்டேன். எனக்கு இங்கே வேற யாரையும் தெரியாது. வந்த அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க."

எலோய் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். கண்ணாடி என் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. உறவு என்ற இடத்தில் லோரீனின் குண்டுக் கையெழுத்தில் 'தோழி' என்று இருந்தது.

மே மாதம். எனக்கு ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். மறக்கவே இல்லை. வேறு ஏதோ என்று எடுத்து வைத்திருந்தேன். ஒரு பெண் கூப்பிட்டாள், குரல் தேன். "லோரீன் அம்மா ஃபோனை எடுக்கலை, அவங்க நலமா?" என்றாள். ஏதோ விளம்பரக்காரி, நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் பேசினோம். அவள்தான் முதலில் ஃபோனை வைத்தாள். என்னிடம் எல்லோரும் அப்படித்தான். நடுவில் எங்கேயோ, போகிற போக்கில் கேட்டாள்: "அவங்க அங்கேயே குடியிருக்காங்களா?"

நான் எத்தனை சாமர்த்தியக்காரி! நானாவது மாட்டுவதாவது! "சேச்சே, குடியாவது! அவ வேலை விஷயமா வந்திருக்கா. தையல். தினம் ஆறு மணிக்கு மிஷின் ஓடும். முடிச்சதும் கிளம்பிடுவா," என்றேன். வைத்தபிறகு, பேட்டை மானத்தைக் காப்பாற்றினதற்காக எனக்கு நானே ஒரு ஐஸ் டீ போட்டுக்கொண்டேன்.

மிஷின் விர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. லோரீன் குனிந்து அதை நிறுத்தினாள்.

"நீங்களா?" என்றாள்.

"உன்னைக் காப்பாத்தத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"பார்த்தீங்களா? நான் தைக்கிறதை?"

காகிதத்தை எலோயிடமே திருப்பிக் கொடுத்தேன். 

"என்ன சத்தம்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "பதினோரு மாசம் பக்கத்துலதானே இருந்தீங்க."

"நீ உள்ளே விடலையே," என்றேன்.

"ஆமா," என்றாள் லோரீன். "விடலை."

*

என் வாக்குமூலத்தை எலோய் என் மேஜையில் வைத்து எழுத வைத்தார்.

"'தையல் மிஷின் இருப்பதாக நான் சொன்னது உண்மையல்ல.' எழுது. 'நான் பார்க்கவில்லை.' எழுது."

"பார்க்கவில்லைன்னா என்ன நினைப்பாங்க? 'நிச்சயமாத் தெரியாது'ன்னு போடவா?"

"பார்த்தியா, பார்க்கலையா?"

எழுதினேன். 'நான் பார்க்கவில்லை.' இரண்டே வார்த்தை. பேனா பாதியில் நின்றுவிட்டது. குலுக்கி எழுத வேண்டியிருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னேன்னு விளக்கம் வேணாமா? அவ இங்கே குடியிருக்கிறதை மறைக்கத்தான் சொன்னேன்னு..."

எலோய் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். "அதை அவங்க கேக்கலை. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் இங்கே வந்து நிக்கறோம்."

"முதல்லேயே உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? கர்ட் கடையிலேயே?"

"பேரு அங்கேயே தெரிஞ்சுது. பேரு இருந்தா மட்டும் நீதான் சொன்னேன்னு ஆயிடாது." அவர் கொட்டைப் பையை மூடினார். "டுவேன்கிட்ட நீயே திருத்திச் சொன்னே பாரு. கடிதத்துல இருக்கிற அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுக்கப்புறமும் மிஷின் ஒண்ணு உள்ளே இருந்துடக்கூடாதான்னு பார்த்தேன். இருந்திருந்தா நீ சொன்னது உண்மையாவது ஆகியிருக்கும்."

வியாழக்கிழமை ஊருக்குள் போய் ஒரு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம், வாரண்டி சாக ஆறு மணி நேரம் இருக்கும்போது, கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மறுப்பு ரத்து. ரிப்பேர் கம்பெனி பொறுப்பு. அருகிலுள்ள டீலரிடம் தேதி வாங்கிக்கொள்ளவும். லோரீன் கர்ட்டிடம் போனாள். இங்கே வாங்கினவர்களுக்குப் பிறகு, மிச்சமிருந்த முதல் தேதியைக் கொடுத்தான்: பிப்ரவரி பத்தொன்பது. இன்னும் ஏழு மாதம். சாக்கட்டிக் கோடு அதற்குள் படுக்கையைத் தாண்டிவிடும்.

இதெல்லாம் எனக்கு மிட்ஜ் சொல்லித்தான் தெரியும். லோரீன் எதிரில் வந்தால் வணக்கம் சொல்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தேதி வாங்க மறுபடி ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்ததாம். எலோய்தான் கூடப் போயிருந்தார். கூப்பிட வேண்டியவர் என்ற கட்டத்தில் யார் பேரைப் போட்டாள் என்று கேட்டேன். அவர் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை.

"ஒரு கோடு," என்றார். "குறுக்கே ஒரு கோடு போட்டுட்டா."

ஆகஸ்டில் இருபத்தாறாம் மனைக்கு மினசோட்டாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சும்மா இரண்டு நாள் தங்கலாம் என்றுதான். பச்சை மிளகாய் போட்ட கோழிக் கறி கொண்டுபோனேன். வழக்கத்தை விட முடியவில்லை. அந்த அம்மாள் நல்ல மாதிரி. என் ஜாதி. பேச்சு வாக்கில் பேட்டையில் யார் எப்படி என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆறு மணி ஆயிற்று. பக்கத்து மனையில் குழாய் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து விர்ர்ர் என்று அந்தச் சத்தம்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "அதென்ன சத்தம்? நேத்தும் கேட்டுதே. ஏதாவது மிஷின் வெச்சுத் தொழில் பண்றாங்களா அந்தம்மா?"

"தெரியாதுங்க," என்றேன். "நான் பார்க்கலை."